சி.பி.58: காட்டப்படாத கணக்கு

மலேசியாவில் ஒரு நேரடி விற்பனை நிறுவனம் தன் முகவருக்கு ஓராண்டில் 5,000 ரிங்கிட்டுக்கு மேல் ஊக்கத்தொகை கொடுத்திருந்தால், சி.பி.58 என்ற படிவத்தை நிரப்பி அடுத்த ஆண்டு மார்ச் 31-க்குள் அவர் கையில் சேர்க்க வேண்டும். ரொக்கமாகக் கொடுத்ததோடு, கார், வெளிநாட்டுப் பயணம் என்று பொருளாகக் கொடுத்ததற்கும் மதிப்புப் போட்டு எழுத வேண்டும். வருமான வரிச் சட்டத்தின் 83ஏ பிரிவு விதித்திருக்கும் கடமை இது. 2022-இல் இன்னொன்றும் சேர்ந்தது. முந்தைய ஆண்டில் 1 லட்சம் ரிங்கிட்டுக்கு மேல் பெற்ற உள்நாட்டு முகவருக்குப் பணம் கொடுக்கும்போதே 2 விழுக்காட்டைப் பிடித்து வரித்துறைக்குக் கட்டிவிட வேண்டும். ஆக, ஐயாயிரத்தைத் தாண்டியவர் எத்தனை பேர், ஒரு லட்சத்தைத் தாண்டியவர் எத்தனை பேர், எதையும் தொடாமல் பட்டியலில் பெயராக மட்டும் இருப்பவர் எத்தனை பேர் என்ற கணக்கெல்லாம் நிறுவனத்தின் கணினியில் இருக்கிறது. வரித்துறை கேட்டால் எடுத்துக் கொடுத்துவிடலாம். புதிதாகச் சேர வருபவருக்கோ மேடையில் ஒருவர் தூக்கிப் பிடிக்கும் கார் சாவியைத்தான் காட்டுகிறார்கள்.

நேரடி விற்பனையில் சேர்பவரிடம் உண்மை நிலவரத்தை முன்கூட்டியே எழுத்தில் வெளிப்படுத்த வேண்டும் என்ற பேச்சு உலகின் பல நாடுகளில் இருபது ஆண்டுகளாக நடந்துவருகிறது. அப்படி ஒரு விதி வந்தால் சிறிய விற்பனையாளர் பிழைப்பாரா, நசுங்குவாரா என்பதுதான் ஒவ்வொரு முறையும் எழும் கேள்வி. இதை வாஷிங்டனிலோ கோலாலம்பூரிலோ உட்கார்ந்து கேட்பதைவிட, நெகிரி செம்பிலானின் ரந்தாவ் பக்கத்துத் தோட்டங்களில் நின்று கேட்டால் விடை தெளிவாகக் கிடைக்கும் என்பது என் எண்ணம்.

ரந்தாவ் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு 2019 ஏப்ரல் 13 இடைத்தேர்தல்தான் நினைவுக்கு வரும். சிரம்பான் மாவட்டத்துச் சிற்றூர். சுற்றிலும் லின்சம் போன்ற பழைய தோட்டங்கள். வாக்காளரில் ஏறக்குறைய கால்வாசிப் பேர் இந்தியர்கள்; அவர்களில் பெரும்பாலோர் பால்மரம் சீவியவர்களின் வழிவந்த தமிழர்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்கு வெளிநாட்டுத் தொழிலாளர் வந்தார்கள். தோட்ட நிலத்தின் ஒரு பகுதி பண்டார் ஸ்ரீ செண்டாயான் என்ற நகரமாகிவிட்டது. தொழிலாளர் லயத்தை விட்டுத் தாமான் என்னும் குடியிருப்புகளுக்குப் போன குடும்பங்களில் ஆண்கள் லாரியும் ஃபோர்க்லிஃப்டும் ஓட்ட, பெண்கள் செனவாங், செண்டாயான் தொழிற்சாலைகளுக்கு பஸ் ஏறினார்கள். பிள்ளை சிறிது, மாமியாருக்கு முடியவில்லை, ஷிப்டு வேலைக்குப் போக வழியில்லை என்ற நிலையில் வீட்டில் இருக்கும் பெண்ணைத் தேடித்தான் நேரடி விற்பனை வருகிறது. ஆம்வே மலேசியாவுக்கு வந்தது 1976-இல். பிறகு ஏவோன், கோஸ்வே, சி.என்.ஐ., சூலியன், எல்கென் என்று வரிசை நீண்டது. டப்பர்வேர் டப்பா இல்லாத தோட்டத்து அடுப்பங்கரையைக் காண்பது அரிது.

இதில் குறைசொல்ல ஒன்றுமில்லை என்ற இடத்திலிருந்தே தொடங்க வேண்டும். சோப்பும் சத்துமாவும் சமையல் பாத்திரமும் விற்று மாதம் 200, 300 ரிங்கிட் பார்க்கிற பெண் நேர்மையாகத்தான் சம்பாதிக்கிறாள். மற்றவர் சமையற்கட்டில் கைகட்டி நிற்காமல் பிள்ளையின் டியூஷன் காசைத் தானே கட்டுகிறாள். விதியைப் பற்றி எழுதுகிறவர்கள் பலர் இவளை ஏமாளியாகவோ ஏமாற்றுக்காரியாகவோ பார்க்கிறார்கள். இரண்டும் தவறு.

சிக்கல் அடுத்த படியில் இருக்கிறது. பொருள் விற்கும் லாபம் சிறிது; ‘கீழே ஆள் போட்டால்’ வரும் போனஸ் பெரிது என்று மேலே இருப்பவர் சொல்கிறார். அந்தப் போனஸ் கிடைக்க மாதாமாதம் ‘பாயிண்ட் மெயின்டெய்ன்’ பண்ண வேண்டும், அதாவது விற்றாலும் விற்காவிட்டாலும் குறிப்பிட்ட தொகைக்குச் சரக்கு எடுக்க வேண்டும். மாதம் 200 ரிங்கிட் என்று வைத்துக்கொண்டாலும் ஆண்டுக்கு 2,400. 2025-இல் உயர்த்தப்பட்ட குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். ஒன்றரை மாத உழைப்பு அலமாரியில் டப்பாவாக உட்கார்ந்திருக்கிறது. இதை யாரும் நட்டம் என்று எழுதி வைப்பதில்லை. வீட்டுக்குத்தானே வாங்கினோம் என்று மனத்தைத் தேற்றிக்கொள்கிறார்கள்.

ஆள் சேர்த்தால் தலைக்கு இவ்வளவு என்ற ஏற்பாடு இந்த மண்ணுக்குப் புதிதில்லை. மலாயாத் தோட்டங்களுக்குக் கங்காணி தன் சொந்த ஊரில், சொந்த சாதி சனத்தில் ஆள் பிடித்து வந்தார். தன் ஆட்கள் வேலைக்கு இறங்கிய நாளுக்கெல்லாம் அவருக்குத் தலைக்காசு கிடைத்தது. உறவை நம்பி வந்தவர் உறவுக்காகவே வாய் திறக்காமல் இருந்தார். அன்றைய அரசுகள் கங்காணியிடம் மட்டும் உண்மையை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். 1922-ஆம் ஆண்டின் இந்தியக் குடியேற்றச் சட்டத்துக்குப் பிறகு மலாயாவில் இந்திய அரசின் முகவர் ஒருவர் நியமிக்கப்பட்டார். கூலி எவ்வளவு, நிலைமை என்ன என்று அவர் ஆண்டறிக்கை அச்சிட்டார். 1938-இல் இந்திய அரசு ஆள் அனுப்புவதையே நிறுத்தியபோது அந்த எண்கள்தான் வாதத்துக்குக் கைகொடுத்தன. கணக்கைச் சொல்லும் பொறுப்பை, ஆள் சேர்ப்பதில் லாபம் பார்க்காத ஒருவரிடம் கொடுத்தார்கள்.

இனி அமெரிக்காவுக்கு வருவோம். 2006 ஏப்ரலில் அங்குள்ள மத்திய வணிக ஆணையம் தொழில் வாய்ப்பு விதி என்று ஒன்றை முன்மொழிந்தது. தொழில் வாய்ப்பு என்று சொல்லி ஒருவரிடம் பணம் வாங்கும் எவரும், வாங்குவதற்கு ஏழு நாள் முன்பே ஒரு தாளைக் கொடுக்க வேண்டும். வருமானம் பற்றி ஏதாவது சொன்னால் அதற்கு ஆதாரம், கடந்த பத்தாண்டுகளில் மோசடி தொடர்பாக வந்த வழக்குகள், கடந்த இரண்டு ஆண்டுகளில் விலகிப் பணம் திருப்பிக் கேட்டவர்களின் எண்ணிக்கை, அதே வாய்ப்பை ஏற்கெனவே வாங்கியவர்களில் அருகே வசிக்கும் பத்துப் பேரின் பெயர் ஆகியவை அதில் இருக்க வேண்டும். அதைக் கேட்டு நேரடி விற்பனைத் துறை கொதித்தெழுந்தது. பதினேழாயிரத்துக்கும் மேற்பட்ட கருத்துகள் ஆணையத்தில் வந்து குவிந்தன. பெரும்பாலானவற்றை எழுதியவர்கள் சிறு விற்பனையாளர்கள். 2008-இல் ஆணையம் பின்வாங்கி விதியைத் திருத்தியது. 2012 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த இறுதி விதியில், ஆளுக்குக் கீழே ஆள் சேர்க்கும் பல்லடுக்கு விற்பனை ஏறக்குறைய முழுவதுமாக வெளியே விடப்பட்டிருந்தது.

அந்தச் சிறு விற்பனையாளர்களின் கூக்குரலில் நியாயம் இருந்ததா? அதே விதி ரந்தாவில் ஒரு தெருவுக்கு வந்ததாக நினைத்துப் பார்க்கலாம்.

ஏழு நாள் காத்திருப்பால் தொழில் கெட்டுவிடும் என்றார்கள். தோட்டத்துக் குடும்பத்தில் ஏழு நாள் என்பது கணவரிடம் கேட்க, அண்ணனிடம் போன் போட, முன்பு சேர்ந்து விட்டுவிட்ட சின்னம்மா மகளைக் கோயிலில் பார்த்து விசாரிக்க ஆகும் காலம். நல்ல பொருள் ஏழு நாளில் கெட்டுப்போகாது. இன்றிரவே கையெழுத்துப் போட்டால்தான் இடம் என்று சொல்லுமிடத்தில்தான் ஏழு நாள் ஆபத்து. இந்த எதிர்ப்பை என்னால் ஏற்க முடியவில்லை.

பத்துப் பேரின் பெயர் என்பது வேறு கதை. அருகில் உள்ள பத்துப் பேர் என்றால் அந்தத் தெருவில் எல்லாரும் சொந்தம். பெயரும் முகவரியும் புதிதாக வேண்டியதில்லை. யார் சேர்ந்தார், யார் விட்டார் என்பது அனைவருக்கும் தெரியும். ஆனால் விட்டவர் ஏன் விட்டார், எவ்வளவு போனது என்று சொல்லமாட்டார். சேர்த்துவிட்டது நாத்தனார். நட்டம் என்று வெளியே சொன்னால் கல்யாணத்தில் முகம் பார்க்க முடியாது. அமெரிக்கப் புறநகரில் முன்பின் தெரியாதவரை நினைத்து எழுதிய விதி அது. இங்கே அது சாட்சிகளைத் தரும், சாட்சியம் கிடைக்காது. அந்தரங்கத்தை வெளியிடச் சொல்கிறார்கள் என்று விற்பனையாளர்கள் பயந்ததிலும் அர்த்தம் உண்டு.

உண்மையான பாரம் தாளைத் தயாரிப்பதில் இருக்கிறது. வழக்கு விவரமும் திருப்பிக் கேட்டவர் எண்ணிக்கையும் சராசரி வருமானமும் விற்பவள் கையில் இல்லை. நிறுவனம் கொடுத்தால்தான் அவள் கொடுக்க முடியும். தாளில் பிழை இருந்தால் கையெழுத்துப் போட்டவள் அவள். பதினேழாயிரம் கருத்துகளின் நியாயம் இந்த ஒரு புள்ளியில் இருந்தது. ஆணையம் இதை மட்டும் சரிசெய்து, பொறுப்பை நிறுவனத்தின் தலையில் வைத்திருக்கலாம். அதை விட்டுத் துறையையே விதியிலிருந்து விடுவித்தது, மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை.

நிறுவனங்கள் தாமாகவே வெளியிடுகின்றனவே, பிறகு விதி எதற்கு என்பார்கள். அதே ஆணையத்தின் அலுவலர்கள் 2024 செப்டம்பரில் பல்லடுக்கு நிறுவனங்களின் 70 வருமான அறிக்கைகளை எடுத்து ஆராய்ந்தார்கள். பெரும்பாலான பங்கேற்பாளர்களின் வரவு ஆண்டுக்கு 1,000 டாலர் அல்லது அதற்கும் கீழே, அதாவது மாதம் 84 டாலரைத் தொடாத தொகை. இது செலவைக் கழிப்பதற்கு முந்திய கணக்கு. இந்த எண்ணைவிட முக்கியமானது அதை மறைத்த விதம். பல அறிக்கைகள் குறைவாகவோ ஒன்றுமே இல்லாமலோ பெற்றவர்களைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு மீதிப் பேருக்குச் சராசரி போட்டிருந்தன. பள்ளிக்கூடத்தில் தேர்வில் தோற்றவர்களை வருகைப்பதிவிலிருந்து அடித்துவிட்டு நூறு விழுக்காடு தேர்ச்சி என்று பலகை எழுதினால் பெற்றோர் விடுவார்களா? உச்சியில் இருக்கும் சிலரின் தொகை பெரிய எழுத்தில் வந்தது. எடுத்த சரக்கு, பெட்ரோல், கூட்டத்துக்கான டிக்கெட் என்ற செலவுகள் பல அறிக்கைகளில் கண்ணிலேயே படவில்லை. தாள் இருப்பது போதாது. தாளில் யாரை எண்ண வேண்டும், எதைக் கழிக்க வேண்டும் என்று விதி சொல்லாவிட்டால் அந்தத் தாளே இன்னொரு விளம்பரமாகிவிடும்.

2021-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பாதிக்கப்பட்டவர்களுக்குப் பணம் மீட்டுத்தர அந்த ஆணையம் நெடுங்காலம் பயன்படுத்திவந்த வழியை அடைத்துவிட்டது. 2016-இல் ஹெர்பாலைஃப் நிறுவனத்திடமிருந்து 20 கோடி டாலர் வாங்கியது போன்ற காரியங்கள் அதன்பின் கடினமாகின. அதனால்தான் ஆணையம் மறுபடியும் விதியெழுதத் திரும்பியது. 2025 ஜனவரியில் பல்லடுக்கு விற்பனைக்கென்றே வருமானக் கூற்று விதி ஒன்றை முன்மொழிந்தது. வருமானம் பற்றி வாய் திறந்தால் எழுத்துபூர்வ ஆதாரம் இருக்க வேண்டும், கேட்டால் கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

வேறு வழிகளும் உண்டு. பிரிட்டன் 1997-இல் போட்ட விதிகளின்படி, சேர்ந்த முதல் ஏழு நாளில் ஒருவரிடமிருந்து 200 பவுண்டுக்கு மேல் வாங்கக் கூடாது. பதினான்கு நாளுக்குள் விலகலாம். எளிதில் பெரும்பணம் கிடைக்கும் என்ற பேச்சை நம்பாதீர்கள் என்ற எச்சரிக்கை ஒப்பந்தத்திலேயே அச்சாகியிருக்க வேண்டும். தென்கொரியா இன்னும் ஒரு படி மேலே போனது. அங்கே போட்டி ஆணையமே ஆண்டுதோறும் பல்லடுக்கு நிறுவனங்களின் விற்பனையையும் விற்பனையாளருக்குக் கொடுத்த தொகையையும் வெளியிடுகிறது. மேல்தட்டு ஒரு விழுக்காட்டினர் பெறுவதும் மற்றவர் பெறுவதும் அதில் தனித்தனியே தெரியும். விற்பவளுக்கு ஒரு தாள்கூட நிரப்பும் வேலையில்லை. இந்தியா 2021 டிசம்பரில் கொண்டுவந்த நேரடி விற்பனை விதிகள் சேர்க்கைக் கட்டணத்தைத் தடுத்தன, பிரமிட் திட்டங்களைத் தடைசெய்தன.

மலேசியச் சட்டம் பழையது, வலுவானதும்கூட. 1993-ஆம் ஆண்டின் நேரடி விற்பனைச் சட்டம், 2010-இல் திருத்தப்பட்டு நேரடி விற்பனை மற்றும் பிரமிட் திட்ட எதிர்ப்புச் சட்டம் என்று பெயர் பெற்றது. உரிமம் இல்லாமல் தொழில் செய்ய முடியாது. வீட்டுக்கு வரும் விற்பனையாளர் வந்த காரியத்தைச் சொல்லி, அடையாள அட்டையையும் அதிகார அட்டையையும் காட்ட வேண்டும். (சொந்தச் சித்தியிடம் அடையாள அட்டையைக் காட்டிய பெண் ரந்தாவில் இருந்தால் நான் பார்க்க விரும்புகிறேன்.) வாங்கியவருக்கு மனம் மாறப் பத்து வேலை நாள் தவணை உண்டு. எல்லாம் நல்லதுதான். ஆனால் இந்தச் சட்டத்தின் பார்வை பொருளை வாங்குபவர்மேல் நிற்கிறது. விற்பதற்காகச் சேர்பவர்மேல் அவ்வளவாக விழவில்லை.

அப்படிச் சேர்பவள் ஊழியர் இல்லை. நிறுவனம் அவளுக்குச் சேமநிதி கட்டுவதில்லை. ‘சுயதொழில் முதலாளி’ என்று அட்டையில் போட்டிருக்கிறது. சரக்கு தேங்கிப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம் என்றால், 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் மறுவிற்பனைக்கு வாங்கியவரைப் பயனீட்டாளர் என்று கருதுவதில்லை. ஐந்து ரிங்கிட் கட்டணத்தில் ஐம்பதாயிரம் ரிங்கிட் வரை வழக்குக் கேட்கும் அந்த அருமையான மன்றத்தின் கதவு அவளுக்கு மட்டும் மூடியிருக்கிறது. நேரடி விற்பனைச் சங்கங்களின் உலக நெறிமுறைப்படி, விலகுபவர் கடந்த பன்னிரண்டு மாதத்துக்குள் வாங்கிய, விற்கத்தக்க சரக்கை 90 விழுக்காடு விலைக்குத் திரும்ப எடுக்க வேண்டும். அது சங்க உறுப்பினர்களைக் கட்டுப்படுத்தும் நெறி. சங்கத்தில் இல்லாத நிறுவனத்தை அது தொடாது.

தண்டனை என்று வரும்போது மட்டும் சட்டம் அவளை மறப்பதில்லை. பிரமிட் திட்டத்தை ஊக்குவிக்கும் தனிநபருக்கு முதல் குற்றத்துக்கே குறைந்தது 5 லட்சம் ரிங்கிட் அபராதம், ஐந்தாண்டு வரை சிறை. குறைந்தபட்சச் சம்பளக்காரர் 24 ஆண்டு சாப்பிடாமல் உழைத்தாலும் கட்டி முடியாத தொகை அது. 2017-இல் பினாங்கிலிருந்து கிளம்பிய ஜே.ஜே.பி.டி.ஆர்., எம்.பி.ஐ. என்ற பணத் திட்டங்களின் விவகாரங்கள் வெடித்தபோது, உறவினரைச் சேர்த்துவிட்ட சாதாரண மனிதர்கள் எத்தனை பேர் ஊரார் முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றார்கள் என்பதை நாடே பார்த்தது. தான் விற்கும் திட்டம் நேரடி விற்பனையா பிரமிடா என்று பிரித்துப் பார்க்கத் தேவையான எண்கள், அதாவது வெளியாருக்கு விற்ற சரக்கு எவ்வளவு, சேர்ந்தவர்களே எடுத்த சரக்கு எவ்வளவு என்பது, நிறுவனத்திடம் மட்டும் இருக்கின்றன. தெரியாத கணக்குக்கு அவள் பொறுப்பாளி. நியாயமான வெளிப்படுத்தல் விதியால் முதலில் பலன் பெறப்போவது அவள்தான் என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம்.

தாளை மட்டும் நம்பவும் முடியாது. அதற்கு நம் சமூகத்திலேயே ஆறாத உதாரணம் ஒன்று உண்டு. மலேசிய இந்தியர்களின் கட்சியான ம.இ.கா. 1982-இல் தொடங்கிய மைக்கா ஹோல்டிங்ஸ், ஏறத்தாழ 66,000 இந்தியர்களிடமிருந்து 10 கோடி ரிங்கிட்டுக்கும் மேல் திரட்டியது. நகையை அடகு வைத்துப் பங்கு வாங்கிய தோட்டத் தொழிலாளிகள் அதில் ஏராளம். பங்கு விற்பனைக்கு உரிய ஆவணங்கள், இயக்குநர் குழு, ஆண்டுக் கூட்டம் என்று சட்டம் கேட்கும் எல்லாமே அங்கு இருந்தன. 1990-இல் அரசு ஒதுக்கிய ஒரு கோடி டெலிகாம் பங்குகளில் 90 லட்சம் வேறு மூன்று நிறுவனங்களுக்குப் போனது 1992-இல் வெளியே வந்து பெரும் சர்ச்சையானது. 2010-இல் வேறொரு நிறுவனம் முன்வந்து ஒரு பங்குக்கு 80 காசு கொடுத்தது; கால் நூற்றாண்டுக்கு முன் வாங்கிய விலை ஒரு ரிங்கிட். தொழிலாளி படிக்க முடியாத மொழியில், புரியாத நடையில், யாரோ ஒரு தலைவரை நம்பிக் கையெழுத்திட்ட தாள் அவரைக் காப்பாற்றவில்லை. அதே சமூகத்தில் 1960-இல் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், தொழிலாளிகள் சிறுகச் சிறுகக் கட்டிய பணத்தில் தோட்டங்களையே வாங்கி இன்றும் நிற்கிறது. அதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

மலேசியாவுக்குத் தேவைப்படும் விதி சிறியது. நிறுவனம் ஆண்டுக்கு ஒருமுறை ஒரே பக்கத்தில் கணக்கைத் தரட்டும். மொத்தம் சேர்ந்தவர் எத்தனை பேர், அவர்களில் எதுவும் பெறாதவர் எத்தனை பேர், 5,000 ரிங்கிட்டைத் தாண்டி சி.பி.58 பெற்றவர் எத்தனை பேர், ஒரு லட்சத்தைத் தாண்டியவர் எத்தனை பேர், சராசரியாக ஒருவர் எடுத்த சரக்கு எவ்வளவு, ஆண்டுக்குள் விலகியவர் எத்தனை பேர். யாரையும் கணக்கிலிருந்து நீக்கக் கூடாது. இதை உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சு கொரியாவைப் போலத் தானே வெளியிடட்டும், மலாய், சீனம், தமிழ் மூன்றிலும். விற்பவள் செய்ய வேண்டியது அந்தப் பக்கத்தைக் கொடுத்துவிட்டு ஒரு வாரம் பொறுப்பது மட்டும். நிறுவனத்துக்குப் புதிய செலவென்று பெரிதாக இராது. இந்தக் கணக்கில் பாதி வரித்துறைக்காக ஏற்கெனவே போடப்பட்டிருக்கிறது. மறுப்பதற்குக் காரணம் செலவு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

விதி வரும்வரை வாசகர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. உங்களைச் சேர அழைப்பவர் அத்தையாக இருந்தாலும் தோழியாக இருந்தாலும், சென்ற ஆண்டு சி.பி.58 படிவத்தைக் காட்டச் சொல்லுங்கள். கார் படம் வேண்டாம், மேடைப் படம் வேண்டாம், அந்த ஒரு தாள் போதும். காட்டினால் அதிலுள்ள தொகையிலிருந்து அவர் அந்த ஆண்டு எடுத்த சரக்கின் விலையைக் கழித்துப் பாருங்கள். அப்படி ஒரு படிவமே வரவில்லை என்றால், ஆண்டு முழுவதும் அந்த நிறுவனத்திலிருந்து அவருக்குக் கிடைத்த ஊக்கத்தொகை அநேகமாக 5,000 ரிங்கிட்டைத் தாண்டவில்லை.